முதலாளி கட்டிய கச்சை

காப்பி நன்றாக இருக்கிறது மேடம். எங்கள் ஆலையில் வெல்லத் தண்ணீர்தான் கொடுப்பார்கள், அதுவும் ஆறிப்போய்.

நான் நிக்கானோர். மெடலின் நகருக்குப் பக்கத்தில், பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சை செய்கிற ஆலையில் சூட்டறை எனக்குப் பொறுப்பு. எலாஸ்டிக் நூலை வேகமாக இழுத்து நூற்றால் அதற்குள் ஒரு கோபம் தங்கிவிடும். துணியானபின் நல்ல சூட்டில் நிதானமாக ஓட்டினால் அடங்கும். சூடு போதாவிட்டால் அடங்கியதுபோல் நடிக்கும். உடம்புச் சூடும் வேர்வையும் பட்டதும் சுருங்க ஆரம்பிக்கும். புது மாப்பிள்ளை மாதிரி, வீட்டுக்கு வந்தபிறகுதான் சுயரூபம் தெரியும்.

எங்கள் முதலாளி எவாரிஸ்தோ நூற்பு வேகத்தைக் கூட்டச் சொன்னார், சூட்டைக் குறைக்கச் சொன்னார். எரிவாயு மிச்சமாம்.

வயிற்றில் அறுவை செய்துகொண்டு எங்கள் கச்சையைக் கட்டிய லுதிவியா என்ற பெண், வயிற்றுத் தையல் பிரிந்து, ஆலை வாசலில் வந்து நின்றாள்.

"மூச்சு விட முடியலைங்க."

"கச்சை சுருங்கலம்மா, நீதான் பெருத்துட்டே," என்றார் முதலாளி. "பன்றி வறுவலைக் கொஞ்சம் கம்மி பண்ணு."

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கார்மென் மாதா திருநாளில் பாதிரியார் வந்து இயந்திரங்களை ஆசீர்வதிப்பார். புதுச் சரக்கின் முதல் கச்சையை அன்று முதலாளியே சட்டைக்குள் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் ஆலை வழக்கம். அவருக்கு மட்டும் எப்போதும் நல்ல சூட்டில் ஓட்டிய துணி. இந்த முறை கடைக்குப் போகிற துணியிலேயே தைக்கச் சொன்னேன். கொக்கிகளை முதுகுப்பக்கம் வைக்கச் சொன்னேன். முன்னால் வைத்தால் தொப்பை துருத்தும் என்றதும் அவருக்குப் பரம திருப்தி. அவருடைய இதயம் சரியில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெயிலில் ஜெபம் நீண்டது. முதலாளியின் கண்களில் நீர் வழிந்தது. என்ன பக்தி என்று தையல்காரிகள் உருகிப்போனார்கள்.

"நிக்கானோர், பின்னாடி கொஞ்சம் தளர்த்திவிடுப்பா," என்றார் என் காதோரம்.

"பாதர் பாதியில இருக்காரு முதலாளி. வறுவலைக் கம்மி பண்ணியிருக்கலாம்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆமென் சொல்வதற்குள் சாய்ந்துவிட்டார்.

கொன்றது நான்தான் மேடம், மறைக்க ஒன்றுமில்லை. லுதிவியா போன்ற பெண்களுக்காகச் செய்தேன். யாராவது கேட்டுத்தானே ஆகவேண்டும்? அதனால் தூக்கமெல்லாம் நன்றாகவே வருகிறது.

முதலாளியின் மனைவி என்னையே மேலாளராக்கினார். சூட்டறையா? அதே குறைந்த சூட்டில்தான் ஓடுகிறது. எரிவாயு விற்கிற விலை உங்களுக்குத் தெரியாததா? இன்று காலை உங்கள் போலீஸ்காரர்கள் என்னை அழைக்க வந்தபோதுகூட ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் அழுதுகொண்டிருந்தாள். பன்றி வறுவலைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வந்தேன்.