வெந்நீர்த் தடாகத்தின் மூன்றாம் படி

பெயர்: கதிர்காமு இரத்தினசிங்கம். வயது: அறுபத்தேழு. வதிவிடம்: பென்டில் ஹில், சிட்னி. தொழில்: ஓய்வுபெற்ற பஸ் சாரதி. முப்பது வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் எழுதச் சொன்னேன். பரமட்டா பொலிஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் தமிழில் சொல்வது:

இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மகேந்திரராஜா எனக்குச் சகலன். என் மனைவி தாட்சாயினியின் அக்கா இராஜேஸ்வரியைக் கட்டியவர். நான் வேண்டுமென்றே படியில் எண்ணெய் ஊற்றி அவரை விழுத்தினேன் என்று அவர் கொடுத்த முறைப்பாட்டுக்கு இது என் பதில்.

எனக்கும் அவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. என் மகளின் கலியாணத்தில் முன்வரிசையில் கதிரை தரவில்லை என்று சாப்பிடாமல் எழும்பிப் போனவர். அந்தக் கலியாணத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் வந்தார்கள். மண்டபம் எத்தனை பேர் கொள்ளும் என்று கேட்கப்பட்டபோது முந்நூறு என்றேன். மிச்சப் பேர் நின்றார்கள். அதன் பிறகு எங்களுக்குள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூன்றாம் ஆளிடம் சொல்லுவோம், அந்த ஆள் மற்றவருக்குச் சொல்லும்.

சென்ற வெள்ளிக்கிழமை பெண்சாதிமார் இருவரும் ஒழுங்குசெய்த சுற்றுலாவில், வழிகாட்டி துஷாந்தின் வான் வண்டியில் வடக்கே ஏழு மணித்தியாலம் ஓடிப்போய், சனி காலையில் அணைந்துபோன எரிமலை ஒன்றில் ஏறினோம். அது கோடிக்கணக்கான வருடத்துக்கு முன் அணைந்தது என்று துஷாந்த் சொன்னாலும், உச்சியில் புகை வந்ததை முதலில் கண்டது நான்தான். அது பனிமூட்டம் என்று துஷாந்த் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக எனக்குக் காட்டப்பட்டது. அவர் என் பின்னால் வந்தவர், அவருக்குத் தெரியாது.

பாதி வழியில் நான் ஒரு கல்லில் இருந்தேன். களைப்பினால் அல்ல, காட்சி பார்க்க. அப்போது மகேந்திரராஜா எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "தம்பி துஷாந்த், சில ஆக்களுக்கு வாய்தான் மலை ஏறும், கால் கீழேயே நிக்கும்." நான் சொன்னேன்: "துஷாந்த், அவருக்குச் சொல்லும், இறங்கேக்கை பாப்பம், ஆர் விழுறதெண்டு." இதைத்தான் கொலை மிரட்டல் என்று முறைப்பாட்டில் எழுதியிருக்கிறார்கள். நான் மலையைச் சொன்னேன், தடாகத்தைச் சொல்லவில்லை. துஷாந்த் இருவரையும் பார்த்து, "அங்கிள்ஸ், ப்ளீஸ், நான் கைட் மட்டும்தான், போஸ்ட்மேன் இல்லை" என்றார்.

அதன் பிறகு பின்னேரம் மூன்று மணிக்கு, நிலத்துக்கு அடியிலிருந்து சுடுதண்ணீர் வரும் பொதுத் தடாகத்துக்குப் போனோம். சனிக்கிழமையில் நல்லெண்ணெய் வைத்து முழுகுவது என் வழக்கம். சுடுதண்ணீர் சும்மா கிடைக்கும் இடத்தில் எண்ணெய் இல்லாமல் இறங்குகிற மடையன் நான் அல்ல. வாசல் பலகையில் போத்தலுக்குக் குறுக்கே கோடு போட்ட படம் இருந்தது. கண்ணாடிப் போத்தல் கூடாது என்று அதற்கு அர்த்தம். என் எண்ணெய் பிளாஸ்டிக் போத்தலில் இருந்தது. கீழே எழுதியிருந்த ஆங்கிலத்தை வாசித்தீர்களா என்று கேட்கப்பட்டது. எட்டாம் வகுப்புவரை ஆங்கிலத்தில் நான்தான் முதலாம் பிள்ளை, ஆனால் அன்று மூக்குக்கண்ணாடி கொண்டுபோகவில்லை.

மூன்றாம் படியில் குந்தியிருந்து தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்த்தேன். போத்தல் சரிந்து பாதி எண்ணெய் படியில் ஊற்றுண்டது. அது தற்செயல். நான் எழும்பி ஒரு காலால் தடவிப் பார்த்தேன், நன்றாக வழுக்கியது. அதன் பிறகு தண்ணீருக்குள் இறங்கினேன்.

அப்போது மகேந்திரராஜா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படிப்பக்கம் வந்தார். நான் துஷாந்தைத் தேடினேன். அவர் வெளியே வான் வண்டியில் இருந்தார். பெண்சாதிமார் அங்கால் உள்ள மற்றத் தடாகத்தில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் "டெல் ஹிம், ஒயில்" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார். மகேந்திரராஜா முதலாம் படியில் கால் வைத்தார். பிறகு இரண்டாம் படி.

மூன்றாம் படியில் விழுந்தார். விழும்போது, "ஐயோ, ரத்தினம், பிடியடா!" என்று கத்தினார். நான் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தேன். என் கையெல்லாம் எண்ணெய். நழுவிப் போனார். படியின் விளிம்பில் இடுப்பு அடிபட்டது அப்போதுதான்.

அவர் முதலாம் படியில் நிற்கும்போது "எண்ணெய்" என்று ஒரு சொல் உங்களால் சொல்லியிருக்க முடியுமா என்று உத்தியோகத்தர் கேட்டார். முடியும். என் குரல் ஒரு மைல் தூரம் கேட்கும். ஆனால் சொல்லியிருந்தால் முதலில் கதைத்தது நான் என்று ஆகிவிடும். ஒன்பது வருடம் பொறுத்தவன் இரண்டு படிக்காக அதை விடுவேனா?

இப்போது முதலில் கதைத்தது அவர். என் பெயரைச் சொல்லிக் கதைத்தார். அதைத் தெளிவாகப் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. "முடியும்" என்ற சொல் எனக்கு எதிராகப் பாவிக்கப்படலாம், மாற்ற விருப்பமா என்று இரண்டு தரம் கேட்கப்பட்டது. மாற்ற வேண்டாம் என்றேன். ஒருவரும் வற்புறுத்தாமல் நானாகச் சொன்னது, எல்லாம் நடந்தபடியே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

க. இரத்தினசிங்கம்