ஒற்றைப் புள்ளி போதும்

“ஐஞ்சு புள்ளி வேண்டாம், இஞ்சாருங்கோ. மானுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.”

புரோசார்ட் நகரில் ஒரு வேட்டைச் சாமான் கடை. காசு கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க கணவனும் மனைவியும் நின்றார்கள். அவர் கையில், வில்லில் பூட்டிக் குறிபார்க்கும் சைட் ஒன்று. அதன் வளையத்துக்குள் ஐந்து நிறப் புள்ளிகள்.

“ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு புள்ளி. உமக்கு வசதிதானே?”

“போன வருசம் நான் வில்லை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், நீங்கள் பக்கத்திலை இருந்து ‘பச்சையாலை பாரும், இல்லையில்லை, மஞ்சள்’ எண்டு சொல்லிக்கொண்டிருந்தியள். மான் எங்கள் ரெண்டு பேரையும் வடிவாப் பாத்திட்டுப் போட்டுது.”

“நான் மெதுவாத்தானே சொன்னனான்.”

“வீடு நிறைய ஆக்களை மான் கறிக்குக் கூப்பிட்டிட்டு, கோழி வாங்கிக் காய்ச்சினனான். இந்த முறை ஒரு புள்ளி காணும். இருபது மீற்றருக்கு வைச்சுவிடுங்கோ.”

“மான் நாப்பதிலை நிண்டா?”

“கிட்ட வருமட்டும் நிப்பன். என்னை இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் வருமெண்டு ஊரிலை உங்களுக்காக எட்டு வருசம் நிண்டனான். ஒரு மானுக்கு அரை மணித்தியாலம் நிக்கேலாதே?”

அவர் கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சிரித்தபடியே சைட்டை மாற்றி எடுக்க உள்ளே ஓடினார்.

“கெதியா வாங்கோ!” என்று கூப்பிட்ட மனைவி, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, அவருக்காக நின்றார்.