சிஸ்டர் சொன்ன ‘வாரேன்’

1986 ஜூலை, செவ்வாய்க்கிழமை. மழை. வடாலாவிலிருந்து செம்பூர் செல்லும் காலை ரயில் இருபது நிமிடம் தாமதம். எதிர் இருக்கையில் தாராவிப் பெண்கள் இருவர்.

“வெள்ளைக்கார சிஸ்டர் அவுக ஊருக்கே போயிட்டாவளாமே, எக்கா?”

“ஆமாட்டி. இருவது வருசம் நம்ம சனத்துக்குப் புண்ணு கழுவுன கை. வாசல்ல நின்னு ‘போறேன்’னாவ. ‘வாரேன்னு சொல்லுங்க சிஸ்டர்’னேன். ‘திரும்பி வரமாட்டேனே, பொய் சொல்லலாமா’ன்னு கேக்காவ.”

“இம்புட்டுத் தமிழ் படிச்சும் இது தெரியலயே!”

“‘அந்தப் பாவம் எனக்கு வரட்டும், சொல்லுங்க’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.”

“சொன்னாவளா?”

“டாக்ஸி நகந்த பெறவு, தலையை வெளிய நீட்டி, ‘வாரேன்டி’ன்னாவ.”

செம்பூரில் இறங்கினேன். நான் இன்னும் செய்யாதவை: ரேஷன் அட்டையில் மனைவியின் பெயரை நீக்குதல்; அவளுடைய மூக்குக்கண்ணாடியை யாருக்கேனும் கொடுத்தல்; மருத்துவமனையில் கடைசி மாலை, உறங்குகிறாளே என்று சொல்லாமலே கிளம்பிவந்தேனே, அந்த ‘வருகிறேன்’ என்பதை அவளிடம் சொல்லுதல்.