பாதி கம்ப்யூட்டரைக் காணோம்

கம்ப்யூட்டரைப் போடும்போது மானிட்டரைக் கடைசியில் போடுவது என் வழக்கம், ஐயா. கேட்பவர்களிடம் கரண்ட் மிச்சம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சி.பி.யூ. டப்பா முனகி முடித்த பிறகுதான் மானிட்டர் பொத்தானை அமுக்குவேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயர் கலியமூர்த்தி. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் பாதியைக் காணோம் என்று புகார் கொடுக்கத்தான் வந்தேன். உங்கள் ஏட்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும். மெஷின் மேஜை மேல்தான் இருக்கிறது, உள்ளே பாதி இல்லை. கூடவே என் தங்கை பார்வதமும் வீட்டில் இல்லை. நீங்கள் கேட்பதால் அவளைப் பற்றியும் சொல்கிறேன். மற்றபடி இது கம்ப்யூட்டர் விவகாரம்.

தொண்ணூற்றேழில் கடைக்கு ஒரு சங்கடம் வந்தது. பொருத்தம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாக்கியப் பஞ்சாங்கம்தான் வேண்டும் என்பார்கள். மீதிப் பேர் திருக்கணிதம் இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். வாக்கியம் போடுகிற மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். திருக்கணிதத்துக்குப் புது விண்டோஸான என்.டி. வேண்டும். பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் நஜீர் பாயைக் கூப்பிட்டேன்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே இன்னொரு மெஷினு? டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சி, இந்தாண்ட பழைய விண்டோஸ், அந்தாண்ட என்.டி. போட்டுர்றேன். ஒரே ஊடு, ரெண்டு குடித்தனம். போடறப்போ எது வோணும்னு அதுவே கேக்கும்."

பழையதைத்தான் முதலில் ஏற்றினார். புதியதை முதலில் போட்டால், பின்னால் வரும் பழையது அதன் வாசலை அடைத்துவிடுமாம். மாமியார் குணம் போலிருக்கிறது என்றேன். பாய் வயிறு குலுங்கச் சிரித்தார்.

போட்டு முடித்ததும் கருப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. அம்புக்குறியை நகர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால், நாம் முன்கூட்டியே சொல்லி வைத்த பக்கத்துக்கு அதுவாகவே போய்விடும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சில மாதம் நேர்மையாகத்தான் ஓட்டினேன். பிறகுதான் புரிந்தது, பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் பொருத்தம் பார்க்க வருவதில்லை. வெள்ளானூரிலிருந்து தாயம்மாள் என்று ஒரு அம்மாள், மகளுக்காக வந்தார். "இன்னாபா, ஆவுமா, ஆவாதா? அத்த மட்டும் சொல்லு. மாப்ள ஊட்டுக்காரங்க மூஞ்சியே எனக்குப் புடிக்கல" என்றார். மெஷினோ எல்லாம் உத்தமம் என்று அச்சடித்துத் தள்ளியது. அந்த அம்மாள் முகம் வாடிப்போய் எழுந்து போனதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு பேருக்கு நல்லது செய்யத்தானே கடை வைத்திருக்கிறோம்?

உத்தமம், மத்திமம், அதமம் என்ற வார்த்தைகள் தனியாக ஒரு கோப்பில் இருக்கும். பழைய விண்டோஸ் பக்கத்தில் மூன்றையும் உத்தமம் என்று மாற்றினேன். என்.டி. பக்கத்தில் மூன்றையும் அதமம் ஆக்கினேன். கருப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது, அதனால் அந்த இரண்டு வரிகளுக்கும் இங்கிலீஷ் எழுத்தில் 'ஆவும்', 'ஆவாது' என்று பெயர் வைத்தேன். ஆள் உட்கார்ந்ததும் மூஞ்சியைப் பார்ப்பேன். ஒவ்வொரு ஜாதகத்துக்கும் மெஷின் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லி அணைத்துப் போடுவேன். டப்பாவுக்கு ஒரு கற்பூரம் காட்டுவேன். மானிட்டர் அணைந்தே இருக்கும். 'ஆவும்' வேண்டுமென்றால் அம்புக்குறியை ஒரு தட்டு. 'ஆவாது' என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஜோசியரிடம் எதிர்வாதம் செய்கிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் பேப்பரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

பார்வதம் என்னைவிடச் சின்னவள். அப்பா அம்மா போன பிறகு வீடு அவள் கையில்தான். அவள் வைக்கும் வத்தக்குழம்பை நீங்கள் சாப்பிட்டதில்லை, பாவம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். எனக்கு டைப்பிங் வராது. மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, பிறந்த தேதியும் நேரமும் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

அவளுக்கும் வரன்கள் வந்தன. மற்றவர்கள் முன்னிலையில், எல்லோருக்கும் செய்வது போலத்தான் செய்தேன். மெஷினை அணைத்துப் போடுவேன், கற்பூரம் காட்டுவேன், கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கீபோர்டை நான் தொடவே இல்லை. அவள்தான் தட்டினாள். பிரிண்ட் எடுத்துப் படித்ததும் அவள்தான். அந்த மாதிரி நாட்களில் மல்லிப்பூ வைத்துக்கொண்டு வருவாள். படித்து முடித்துவிட்டு, "இன்னாண்ணா பண்றது, நம்ம ராசி அப்படி" என்று கேரியரை எடுத்துக்கொண்டு போவாள். பிற்பாடு பூ வைத்துக்கொள்வதை விட்டுவிட்டாள். செலவு குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது, மறைப்பானேன். சொந்தத் தங்கைக்கே ஆகாது என்று சொன்ன மனுஷன் என்று பெயர் பரவியது. காட்டுப்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பக்தவத்சலம் என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். எனக்கும் கண் கலங்கியது.

இந்த வருஷம் துலுக்கானம் என்பவர் பெண் கேட்டு வந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார், திருநின்றவூரில் வாடகை வீடு. பஸ் நிறுத்தத்தில் பார்வதத்தைப் பார்த்துப் பேசிப் பழகியிருக்கிறார். பார்வதத்துக்கு முப்பத்தி நாலு வயது ஆகிறது, அன்றைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அதமம் வந்தது. துலுக்கானம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெசினுக்கு இன்னாங்க தெரியும் எங்கள? நான் எங்கயும் போவல, இங்கதான் கீறேன்" என்று அவளிடம் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மரியாதை தெரியாத ஆள்.

போன வாரம் ஆவடியில் ஒரு கிரகப்பிரவேசம். நான் இல்லாத நேரத்தில் பார்வதம் கடையைத் திறந்திருக்கிறாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் டிவி மாதிரி. முதலில் மானிட்டரைப் போட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "அண்ணா, அதுல ஆவும், ஆவாதுன்னு ரெண்டு வருதே, அது இன்னா?"

"அது கஸ்டமருக்கு" என்றேன்.

"நான் என் ஜாதகத்தையே பொண்ணுக்கும் புள்ளைக்கும் சேத்துப் போட்டுப் பாத்தேண்ணா. ஆவும்ல போனா உத்தமம்னுது, ஆவாதுல போனா அதமம்னுது. ரெண்டுமே புளுகு. இத்தினி வருசம் இதுக்கா நான் அழுதேன்?"

நான் மோர் கேட்டேன். ஊற்றினாள். அவ்வளவுதான், சண்டையெல்லாம் இல்லை. நாங்கள் கௌரவமான குடும்பம்.

மறுநாள் நான் பேங்குக்குப் போன சமயம், அண்ணன் சொன்னார் என்று நஜீர் பாயைக் கூப்பிட்டு என்.டி. பக்கத்தைச் சுத்தமாகத் துடைக்கச் சொல்லிவிட்டாள். இப்போது மெஷினைப் போட்டால் அது எதையும் கேட்பதில்லை. நேராக 'ஆவும்' பக்கம் போய் நிற்கிறது. இந்த வாரம் வந்தவர்களுக்கெல்லாம் உத்தமம். இளைய மகளுக்கும் 'ஆவாது' கேட்க வந்த தாயம்மாள், உத்தமம் என்று வந்ததும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

பார்வதம் போகும்போது பெட்டியோடு கடை வாசலில் நின்றாள். தலை நிறையப் பூ. "ரெண்டும் புளுகுன்னா, எனக்குப் புடிச்ச புளுக நானே எடுத்துக்கினேன். கேரியர் அலம்பி வச்சிக்கீறேன், வரேண்ணா" என்றாள். திருவேற்காட்டில் தாலி கட்டிக்கொண்டார்கள் என்று கேள்வி.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான், ஐயா. தொடாமல் விட்டால் 'ஆவாது' பக்கம் போகும்படி வைத்தது யார்? நான்தான். அவளுக்கு முதல் வரன் வந்த அன்று காலையில், அவள் சுட்டுக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, நேராகக் கடைக்குப் போய் வைத்தேன். அதற்கு முன்பு அது 'ஆவும்' பக்கம் போகும்படிதான் இருந்தது. வைத்தது ஒரே தடவை. அதன் பிறகு அவள் விஷயத்தில் நான் ஒரு விரலைக்கூட அசைத்ததில்லை, இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கையைக் காணோம் என்று எழுத வேண்டாம். அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். காணாமல் போனது அந்த இன்னொரு பாதி மட்டும்தான். அதைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் போதும், பார்வதம் தானாகவே வீட்டுக்கு வந்துவிடுவாள்.