பன்னிரண்டாம் குழாய்

அக்கா: தொடாதே, தொடாதே... அதுல கை வெச்சே, என் எட்டு மாசம் போச்சு.

தங்கை: பாக்கத்தானே செஞ்சேன். இருபது சோதனைக் குழாய்க்கு இவ்ளோ காவலா?

அக்கா: உன் தையல் கடையில யாராவது கத்திரிக்கோலைத் தொட்டா விடுவியா?

தங்கை: விரலை நறுக்கிடுவேன். சரி, உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்...

அக்கா: இரு, நான் முதல்ல கொட்டிடறேன். இல்லனா அழுதுடுவேன்.

தங்கை: நீ அழுதா பாக்க சகிக்காது. கொட்டு.

அக்கா: ஆப்டமர்னு சொல்லுவேன்ல...

தங்கை: போன்ல தினமும் அதானே. நான் எப்படி இருக்கேன்னு கேட்டதில்ல. ஏதோ டிஎன்ஏ துண்டு.

அக்கா: குட்டித் துண்டு. தானா மடிஞ்சு ஒரு உருவம் எடுக்கும். கேன்சர் செல்லுல போய் ஒட்டிக்கும்.

தங்கை: கொக்கியும் வளையமும் மாதிரி.

அக்கா: அதேதான். கேன்சர் செல்லு மேல கோடிக்கணக்குல துண்டைக் கொட்டி, ஒட்டாததைக் கழுவி, ஒட்டினதை மட்டும் பெருக்கி... இப்படிப் பதினாலு சுத்து.

தங்கை: நல்ல செல்லுலயும் போய் ஒட்டினா?

அக்கா: அந்தத் துண்டையும் தூக்கிப் போட்டுடுவோம். பாதி வேலையே தூக்கிப் போடறதுதான்.

தங்கை: நான் வெட்டின துணியைக்கூடத் தூக்கிப் போட மாட்டேன். ம், மேல சொல்லு.

அக்கா: ஆஸ்பத்திரியிலேந்து இருபது பேரோட ரத்தம் வந்துச்சு. பேர் கிடையாது, நம்பர்தான். பத்து பேருக்குக் கேன்சர், பத்து பேருக்கு இல்ல. யார் யாருங்கற பட்டியல் பேராசிரியர்கிட்ட, ஒட்டின உறைக்குள்ள. ரத்தத்துல நோய் இருந்தா துண்டு போய் ஒட்டி, குழாய் பச்சையா ஒளிரணும்.

தங்கை: ஒளிர்ந்துச்சா?

அக்கா: போன வாரமே பாத்து எழுதி வெச்சுட்டேன். இன்னிக்குக் காலையில உறையைப் பிரிச்சோம். பத்தொன்பது சரி.

தங்கை: அடிப்பாவி, பத்தொன்பதா... அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?

அக்கா: பன்னெண்டாம் குழாய். பட்டியல்ல கேன்சர்னு போட்டிருக்கு. இங்க ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. மூணு தடவை பாத்துட்டேன்.

தங்கை: ...பன்னெண்டா?

அக்கா: நோயாளிய விட்டுட்டுப் போற சோதனை யாருக்கு வேணும்னு பேராசிரியர் கேக்கறார். திங்கக்கிழமையிலேந்து எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணுமாம். அவர் கேக்கறதும் நியாயந்தானே... நீ ஏன் சிரிக்கற?

தங்கை: சிரிக்கலியே.

அக்கா: முப்பத்திரண்டும் தெரியுது.

தங்கை: இல்ல... பட்டியல் எழுதினவங்க ஆஸ்பத்திரியோட பழைய ரிஜிஸ்டரைப் பாத்து எழுதியிருந்தா?

அக்கா: எழுதியிருந்தா? என்ன சொல்ல வர்ற?

தங்கை: ரத்தம் குடுத்தவங்க கையில ஒரு சீட்டு தருவாங்கல்ல, நம்பர் போட்டு? மனசு மாறினா ரத்தத்தைத் திருப்பிக் கேக்கலாம்னு.

அக்கா: ஆமா. ஆனா அதை நான் உன்கிட்ட சொன்னதே இல்லியே... பையில என்னத்த தேடற? குடு இப்படி. பன்னெண்டு... யாரோட சீட்டுடி இது?

தங்கை: என்னோடது. ஆறு மாசம் மருந்து ஏத்தினாங்க. நீ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவியேன்னு அம்மாவை வாய் திறக்க விடல. உங்க ஆராய்ச்சிக்குன்னு இந்த ரத்தம் எடுத்தது வைத்தியமெல்லாம் முடிஞ்ச அப்புறம். உடம்புல ஒண்ணும் மிச்சமில்லன்னு நேத்துதான் டாக்டர் சொன்னாங்க... அவங்களுக்கு முன்னாடியே உன் துண்டுக்குத் தெரிஞ்சிருக்கு, அக்கா.