வலப்பக்கம் வழி இருக்கு

– நில்லுட்டி அங்கனயே! கிட்ட வராத. போட்டோவுல பாத்த மொகம் எனக்கு மறக்குமா? நீ வெள்ளைத்தாய்தான?

– ஆமாங்க்கா. சத்தம் போடாதீக. பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் பாக்காக.

– பாக்கட்டும்! சிவகாசியே பாக்கட்டும்! என் புருசனுக்கு ரெண்டாந்தாரமா வரப்போறவ எதுக்க வந்து நிக்கா. இந்த இசைவாணி வாயப் பொத்திட்டு நிக்கணுமோ?

– நான் சண்டைக்கு வரலக்கா. உங்களப் பாக்கத்தான் மதியத்துலருந்து இங்கன காத்துக் கெடக்கேன். மதுர ஆஸ்பத்திரியிலருந்து இன்னைக்கு வாரீகன்னு உங்க பட்டாசுக் கம்பெனி வேன்ல வார பொண்ணு ஒருத்தி சொன்னா.

– அப்ப நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்க. கேட்டுக்கோ. கல்யாணம் நடக்காது!

– நெசமாவா?

– நெசமாத்தான். என் ஒடம்புல என்னன்னு கண்டுபிடிச்சாச்சு, கேட்டியா? ஏழு வருசமா எங்க அத்த மலடி மலடின்னு ஏசுனா. போகாத கோயில் இல்ல, குடிக்காத கசாயம் இல்ல. கடைசியில பாத்தா டியூப்புல அடைப்பு! வெறும் டியூப்பு!

– டியூப்புன்னா?

– கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் சன்னமா ஒரு கொழாய் இருக்காம். முட்டை அது வழியாத்தான் வரணுமாம், அங்கனதான் கரு கூடணுமாம். எனக்கு ரெண்டுமே அடைச்சுக் கெடந்திருக்கு. திரியில நடுவுல மருந்து விட்டுப்போனா வெடி வெடிக்குமா? நான் திரி வெட்டுறவ, எனக்குப் புரியாதா?

– அது எதனாலக்கா அடைக்குது? பாவம் கீவம்...

– பாவமாவது! கிருமியாம். எப்பவோ வந்து உள்ளுக்குள்ளயே ஆறிப்போன புண்ணு. யாருக்கும் வரலாம்னாக. சில பேருக்கு வலிகூட இருக்காதாம், வெளிய ஒண்ணும் தெரியாதாம்.

– மாசாமாசம் நாள் தவறாம வந்தாலுமா?

– எனக்குத் தவறாமத்தான வந்துச்சு! அதான யாருக்கும் சந்தேகம் வரல.

– பொறவு? சொல்லுங்கக்கா, பொறவு என்ன செஞ்சாக?

– மொதல்ல எக்ஸ்ரே மேசையில படுக்கப் போட்டு மருந்து விட்டுப் பாத்தாக. யாத்தே, அந்த வலி! ரெண்டு பக்கமும் மருந்து போகல. இப்ப மயக்கம் குடுத்து, தொப்புள்ல தொள போட்டு கேமரா விட்டிருக்காக. எடது பக்கம் வீங்கிச் சுருண்டு கெடக்காம், அது வேலைக்காகாது. வலது பக்கம் சன்னக் கம்பிய விட்டு அடைப்ப எடுத்துட்டு, நீல மைய ஏத்திப் பாத்திருக்காக. பாஞ்சிருச்சுட்டி! வீடியோவுல காட்டுனாக. குபுக்குன்னு நீலமா வெளிய வருது! எங்க வீட்டுக்காரரு அதப் பாத்துட்டு டாக்டரம்மா முன்னாடியே அழுதுட்டாரு, கேட்டியா? அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனுசன்.

– அழுதாரா?

– கண்ணத் தொடச்சுட்டு, அங்கன நின்னே அத்தைக்குப் போனு போட்டாரு. 'எம்மா, பொண்ணு பாக்குற சோலி முடிஞ்சுபோச்சு. அவுகளுக்குச் சொல்லிரு'ன்னாரு. அத்த கத்துனது எனக்கே கேட்டுச்சு. இவரு அசரல. திரும்பவும் அதயே சொல்லிட்டு வச்சுட்டாரு. செல்வக்குமாருக்கு இம்புட்டு தைரியம் இருக்கும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்!

– அப்ப உங்களுக்குப் பிள்ள நிச்சயமாக்கா?

– நிச்சயம்னு யாரு சொல்லுவா? வழி இருக்கு, ஒரு பக்கம் போதும்னாக. நாளு தள்ளிப்போச்சுன்னா ஒடனே ஸ்கேனுக்கு ஓடியாரணுமாம். கரு டியூப்புலயே தங்கிட்டா உசுருக்கே ஆபத்தாம். அவருக்கும் டெஸ்ட் எடுத்தாக, கோளாறு இல்லியாம். ஏட்டி, என்ன சிரிக்க? உன் கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொல்லுதேன்!

– சந்தோசம் தாங்கலக்கா. கையக் குடுங்க.

– நல்லா இருக்கே! மாப்பிள்ள போச்சுன்னு குதிக்கிறவள இன்னைக்குத்தான் பாக்கேன். சரி, உம்மேல எனக்கு என்ன கோவம்? மொதப் புருசன் குடிகாரன், அடி தாங்காம நீ வந்துட்டதாத் தரகரு பெத்தணன் சொன்னாரு. கஷ்டப்பட்டவ. நல்ல எடமா அமையும், போயிட்டு வா.

– ஒண்ணு கேக்கத்தாங்க்கா வந்தேன். அந்த டாக்டரம்மா எங்கன இருக்காக? புதுசா ஒரு ஆளு போனாப் பாப்பாகளா?

– பாக்காம? யாருக்கு? உங்க அக்காளுக்கா?

– இல்ல.

– மதினிக்கா? ஏன் இப்ப அழுத? இப்பத்தான சிரிச்ச! சரி, யாரா இருந்தாலும் இருக்கட்டும். செவ்வாக்கிழம நான் தையல் பிரிக்கப் போறேன், நானே கூட்டிட்டுப் போறேன். வலிக்கத்தான் செய்யும்னு சொல்லு, பக்கத்துல நின்னு கையப் பிடிச்சுக்கிட எனக்குத் தெரியும்னும் சொல்லு. இதே எடத்துக்குக் காலையில வரச்சொல்லு.

– சத்தியமாக் கூட்டிட்டுப் போவீகளாக்கா? யாருன்னு தெரிஞ்ச பொறவும்?

– அட, சத்தியம்ட்டி! அந்தா எங்க வீட்டுக்காரரு டீயோட வாராரு. வெரசாச் சொல்லு, யாரு அது?

– நாந்தாங்க்கா. எம் மொதப் புருசன் குடிக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. பேரன் வேணும்னு உங்க அத்த பாத்துவச்ச என்னய, பிள்ள இல்லைன்னுதான் அவரு கொண்டாந்து பொறந்த வீட்டுல விட்டாரு.