ஆறு நாள் எக்ஸ்ரே

— …என்ன சைரன் அது? காதே போச்சு.

— எக்ஸ்ரே ரூம் கதவைச் சாத்தப்போறோம். உள்ள போய் மூணு பட்டனை அமுக்கி, ஆள் யாரும் இல்லன்னு பார்த்துட்டு வந்தாதான் எக்ஸ்ரேயைத் திறக்கவே விடும். ஒரு நிமிஷம் லைன்லயே இரு.

— இருக்கேன்.

— …ம், முடிஞ்சது.

— யாராவது இருந்தாங்களா?

— யாரு இருக்கா? சத்தமா "யாராவது உள்ள இருக்கீங்களா"ன்னு கேக்கணும், ரூல். கேக்கிறேன். ஒருத்தரும் பதில் சொல்றதில்ல.

— முன்னாடி நான் உள்ள நின்னுக்கிட்டு "இருக்கேன்"னு குரல் கொடுப்பேன்…

— அதுக்குத்தான் ஒரு தடவை நம்ம ரெண்டு பேரையும் வெளியே அனுப்பப் பார்த்தாங்க. சாப்பிட்டியா, அடுப்புக்காரா?

— மணி மூணுதானே ஆகுது. சாப்பிடணும். நீ?

— பிஸ்கட். அத்தை எப்படி இருக்காங்க?

— இன்னும் அத்தையா?

— டைவர்ஸ் பேப்பர்ல உன் பேர்தான் இருந்துச்சு. அவங்க பேர் இல்ல.

— …நல்லாருக்காங்க. முட்டி வலிதான். அப்படி என்னதான் ரெண்டு பேரும் ஆறு நாளா பேசறீங்கன்னு கேட்டாங்க.

— என்ன சொன்ன?

— நான் லேப் அடுப்புல கிரிஸ்டல் வளர்த்து அனுப்பறேன், அவ அதுல எக்ஸ்ரே அடிக்கிறா. உள்ள இரிடியம்னு ஒரு உலோகம், அதோட ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டி காந்தம். ஒண்ணு இந்தப் பக்கம் பார்த்தா பக்கத்துல இருக்கிறது அந்தப் பக்கம் பார்க்கும். எக்ஸ்ரேயோட எனர்ஜியை இரிடியத்துக்குன்னே உள்ள அளவுல அச்சு பிசகாம வெச்சா, ஸ்கிரீன்ல ஓடற கோட்டுல சின்னதா ஒரு மேடு, பீக், எழும்பும். அது வந்தா காந்தமெல்லாம் எப்படி வரிசை கட்டி நிக்குதுன்னு தெரிஞ்சுபோகும்னேன்.

— அத்தைக்குப் புரிஞ்சுதா?

— "பக்கத்துல பக்கத்துல இருந்துக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறதைப் பார்க்க இவ்வளவு பெரிய மெஷினா? நம்ம வீட்டுக்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பேனே"ன்னாங்க.

— …

— சிரிக்கிறியா?

— இல்ல. ஆமா.

— பின்னாடி யாரோ சிரிக்கிறாங்களே. தனியா இருக்கேன்னு சொன்ன?

— பக்கத்து குரூப் பசங்க. காபி எடுக்க வந்திருக்காங்க.

— ம்… அந்த பீக்…

— இருக்கு. செவ்வாய்க்கிழமை சொன்னேன்ல, அதே இடத்துல.

— எனர்ஜியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பார்த்தியா?

— பார்த்தேன். காணாமப் போயிடுது. திரும்ப இரிடியத்துக்கு வந்தா எழுந்து நிக்குது.

— சூடு பண்ணினியா?

— இருநூத்தி நாப்பது கெல்வின்ல பீக் கரைஞ்சுபோச்சு.

— நம்ம எதிர்பார்த்த அதே இருநூத்தி நாப்பதா? முன்ன பின்ன இல்லாம?

— உன் கைப்பக்குவம்.

— …கிரிஸ்டலை அது இருக்கிற இடத்துலயே சுத்திப் பார்த்தியா? பொய் பீக்கா இருந்தா சுத்தினதும் ஓடிடும். மூணு வருஷம் முன்னாடி அப்படி ஒண்ணு நம்மளை ஏமாத்துச்சே.

— ஓடல. என்னமோ போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கிற? சந்தோஷப்படுவன்னு பார்த்தா…

— சந்தோஷம்தான்.

— குரல்ல காணோமே.

— இல்ல… தொண்டை.

— சரி, அஞ்சு மணிக்கு மீட்டிங். ஒவ்வொரு குரூப்பும் எழுந்து சொல்லணும். உன் கிரிஸ்டலைப் பத்தி பெருமையா ரெண்டு வார்த்தை சொல்லப்போறேன். நாளைக்குக் காலையில கிளம்பறேன்.

— சொல்லாத.

— பெருமை வேண்டாமா? எப்ப இருந்து?

— பீக் வந்துச்சுன்னு சொல்லாத. விளையாடல.

— ஏன்?

— இன்னொரு தடவை… இன்னொரு கிரிஸ்டல்ல பார்த்துட்டு…

— இன்னொண்ணு எங்க இருக்கு? பத்து மாசம் அடுப்பு முன்னாடி உட்கார்ந்து ஒண்ணுதானே வளர்த்த.

— அது… நீ அங்க வெச்சிருக்கியே, அதுல இரிடியமே கிடையாது. அசலை அடுப்புல இருந்து எடுக்கிறப்ப தூள் தூளாப் போச்சு. கையில ஒண்ணும் தேறல. அனுப்பினது பழசு. அதே உருவம், அதே கருப்பு, உள்ள இரிடியத்துக்குப் பதிலா ரோடியம். அதுல அந்த பீக் வரவே வராது. நீ பார்த்தது என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா அஞ்சு மணிக்கு அத்தனை பேர் முன்னாடி நீ எழுந்து சொன்னா, இத்தனை வருஷம் நீ சம்பாதிச்ச பேர் போயிடும்.

— உடைஞ்சதை ஏன் சொல்லல?

— சொன்னா என்ன பண்ணியிருப்ப?

— வரலன்னு எழுதிப் போட்டிருப்பேன்.

— அதான்.

— என்ன அதான்?

— வருஷத்துல இந்த ஆறு நாள்தான் நீ எனக்கு போன் பண்ற. கிரிஸ்டல் இல்லன்னா அதுவும் இல்ல. நீ ஆறு நாளும் பீக்கைத் தேடிட்டு, கிடைக்கலன்னு திட்டிட்டுப் போவன்னு நினைச்சேன். நீ கிடைச்சுதுன்னு நிக்கிற… திட்டணும்னா திட்டிக்கோ.

— அடுப்புக்காரனுக்கு அடுப்பைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொன்னது சரிதான்.

— ஏன்?

— எனர்ஜியை அந்த அளவுக்கு ஏத்தினதும், இரிடியம் இருந்தா அது தானா மினுங்கும். டிடெக்டர்ல எண்ணிக்கை கிடுகிடுன்னு ஏறும். பீக்கைத் தேடறதுக்கு முன்னாடி செய்யற முதல் வேலையே அதுதான். ஒண்ணும் ஏறல. கிரிஸ்டல் கீழ விழுந்துடுச்சோன்னு உள்ள போய்ப் பார்த்தேன். பளபளன்னு அங்கேயேதான் உட்கார்ந்திருந்துச்சு.

— எப்ப?

— திங்கட்கிழமை. காலையில பத்து மணிக்கு.

— அப்ப பீக்?

— ஒரு பீக்கும் இல்ல.

— இருநூத்தி நாப்பது?

— உன் பழைய நோட்டுல இருந்து சொன்னேன். நீயா எப்ப வாயைத் திறப்பன்னு பார்த்தேன். மீட்டிங்னு ஒண்ணு வெச்சாதான் திறக்குது.

— மீட்டிங்கும் பொய்யா?… இத்தனை நாள் அந்த எக்ஸ்ரேயை என்னதான் பண்ணின?

— செவ்வாய்க்கிழமையே பக்கத்து குரூப் பசங்களுக்கு விட்டுக்கொடுத்துட்டேன். அவங்களுக்குக் கதவு சாத்திக் கொடுத்துக்கிட்டு, மூலையில ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன்.

— ஐயோ… அன்னைக்கே ஊருக்குக் கிளம்பியிருக்கலாமே.

— கிளம்பியிருக்கலாம். ஆனா புதன்கிழமை என்ன காரணம் சொல்லி உனக்கு போன் பண்ணுவேன்?